சம்பந்தி வீட்டு நாய்

ஆரணியில் யாரையாவது நாய் கடித்துவிட்டால் இன்றைக்கும் என்னிடம்தான் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள். நான் வைத்தியன் இல்லை. பட்டுத்தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்தவன். ஆனாலும் நாய்க்கடி விஷயத்தில் என்னைப் போல அனுபவஸ்தன் இந்தப் பக்கத்தில் இல்லை என்று ஒரு பேர் ஏற்பட்டுவிட்டது. நாயை அடித்துக் கொல்லாதே, சோறு போட்டு வைத்துக்கொள், தினமும் போய் ஒருமுறை பார் என்று சொல்லி அனுப்புகிறேன். கடித்தது சம்பந்தி வீட்டு நாயாக இருந்தால் மட்டும் நேரில் வரச் சொல்கிறேன். அதற்கு வைத்தியம் வேறே.

என்னைக் கடித்தது சம்பந்தி வீட்டு நாய்தான். ஆரணி ரோட்டுக்கு ரயில் வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அந்த வருஷம் ஆவணியில் என் ஒரே மகளை முள்ளிப்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தேன். முள்ளிப்பட்டு ஒன்றும் சீமையில் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு ஆரணியில் புறப்பட்டால் இரண்டாம் முறை போடுவதற்குள் ஊர் வந்துவிடும். அங்கேயும் வீட்டுக்கு வீடு தறிதான், அதே பட்டு, அதே சத்தம். ஆனால் பெண் கொடுத்தவனுக்கு அந்த ஊர் காசியைவிடத் தூரம். எங்கள் ஜனங்களில், மகள் வயிற்றில் ஒரு பிள்ளை பிறக்கும் வரையில் தகப்பன் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டான். சோறு என்ன, ஒரு வாய் மோர்கூடக் குடிக்க மாட்டான். பண்டிகைக்கு வரிசை கொண்டு போகலாம், வாசலில் நின்று பேசிவிட்டு வரலாம். காரணமில்லாமல் போய் நின்றால், "இன்னா, பொண்ணு ஏதாச்சும் சொல்லி அனுப்பிச்சாளா?" என்று தெருவே கேட்கும். பெற்றவள் பாடு இன்னும் மோசம். அந்த வீட்டு அம்மாள் வாய் திறந்து கூப்பிட்டாலொழிய அவள் போகவே முடியாது.

தலைதீபாவளிக்கு மகள் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு என் மனைவியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பயந்தோம். பார்த்தால் அழுகை வந்துவிடும். நான் முன்கோபி. மற்றவர்களுக்கு அழுகை வரும் இடத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். இழை அறுந்தால் கோபம், சோறு சூடாக இருந்தால் கோபம், ஆறிப்போனாலும் கோபம்.

"மவளைப் பாக்கணும்னா பாக்கணும்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு சோத்து மேல பாயறீங்க?" என்பாள் மனைவி.

"எனக்கு எவளையும் பாக்க வேணாம்," என்று கத்திவிட்டு எழுந்து போவேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னே வரிசையை வண்டியில் ஏற்றினோம். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, நானே நெய்த ஒரு புடவை. வண்டி தெரு திரும்புகிற வரை மனைவி நின்று பார்த்தாள். வண்டியைப் பார்த்தாளா கரும்பைப் பார்த்தாளா தெரியவில்லை. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

முள்ளிப்பட்டில் வண்டிச் சத்தம் கேட்டதும் என் மகள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து, வெளியே போய்விட்டு வந்தால் முதல் காரியமாக அவள் உச்சந்தலையில் விரலை மடக்கிச் செல்லமாக ஒரு குட்டு வைப்பேன். அவளும் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்பாள். அன்றைக்கும் கையைத் தூக்கினேன்.

"இன்னாடி, நைனாவை மறந்துட்டியா?"

தூக்கிய கை இறங்கவில்லை. அதற்குள் என் வலது கெண்டைக்காலை ஏதோ இடுக்கி போலப் பிடித்தது. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது குரைக்கவே இல்லை. எங்கிருந்து வந்ததென்றும் தெரியவில்லை. சதையைப் பிடித்து ஒரு உதறு உதறிவிட்டு, எனக்கும் என் மகளுக்கும் நடுவில் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. செவலை நிறம், ஒரு காது மடிந்த நாய். அந்த வீட்டில் அதைச் செவலை என்றேதான் கூப்பிடுவார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. சம்பந்தியம்மாள் உள்ளே ஓடி, ஒரு கை மிளகாய்த்தூளோடு வந்து கடிவாயில் அப்பினார். நாய் கடித்தபோது வராத சத்தம் அப்போதுதான் என் தொண்டையிலிருந்து வந்தது. சம்பந்தி சாது. பேச வேண்டிய இடத்தில்கூடப் பேசாதவர். பெண் கொடுத்தவன் ரத்தம் தன் வாசலில் விழுந்ததே என்கிற வெட்கத்தில் அவர் உலக்கையைத் தூக்கிக்கொண்டு நாயைத் துரத்தினார். மாப்பிள்ளை பாதி நெய்த தறியை விட்டுவிட்டு ஓடி வந்து, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் வண்டிக்காரனைப் பிடித்துக்கொண்டான்.

என் மகள் தெரு நடுவில் உட்கார்ந்து நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்க மாமா! இது செத்துப்புட்டா நைனாவுக்கு ஆவாது!"

கடித்த நாய் உயிரோடு இருந்தால்தான் கடிபட்டவனும் பிழைப்பான் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நாயைக் கொன்றுவிட்டால் அது வெறிநாயா நல்ல நாயா என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். உலக்கை கீழே இறங்கியது. மகள் அழுதுகொண்டே இருந்தாள். எனக்காக அழுகிறாளா நாய்க்காக அழுகிறாளா என்று அந்த எரிச்சலிலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒளிப்பானேன், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வண்டியில் திரும்பும்போது காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பிடித்தபடி வந்தேன். பாதி வழியில் அந்த நினைப்பு வந்தது. வந்ததும் கால் வலி மறந்துபோயிற்று. நான் என்ன செய்தேன்? கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். வண்டிக்காரன் கரும்புக் கட்டைத் தூக்கினான், அவனை அது சட்டை செய்யவில்லை. என் மகள் தலைக்கு மேலே கை போனதும் பாய்ந்தது. தூக்கிய கைக்கு அடுத்தது அடிதான் என்று அந்த நாய்க்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

அந்த வீட்டில் என் பெண்ணின் மேல் யாரோ கை ஓங்குகிறார்கள். பார்த்துப் பார்த்துத்தான் அந்த வாயில்லா ஜீவன் இப்படிக் காவல் காக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இப்படித்தான் எனக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடம் சொல்வது? சம்பந்தி உலக்கையைத் தூக்கினாலும் கை நடுங்குகிற மனிதர். மாப்பிள்ளை முகத்தில் ஈ உட்கார்ந்தால் அதுவாகப் போகட்டும் என்று இருப்பவன். மீதி அந்த அம்மாள்தான். அவர் உள்ளே பேசினால் தெருக்கோடியில் கேட்கும். தறியில் பலகையை அடித்து அடித்து உரமேறிய கை வேறு. மகளைக் கேட்கலாம் என்றால் அவள் வாய் திறக்க மாட்டாள். கல்யாணத்தன்று, "எதுன்னாலும் பொறுத்துகினு இரு, அழுதுகினு வந்து வாசல்ல நிக்காதே," என்று சொல்லி அனுப்பியவனே நான்தான். ஊரில் எல்லாத் தகப்பனும் சொல்வதைத்தான் சொன்னேன். வண்டியில் அதை நினைத்துக்கொண்டபோது என் வாயிலேயே மிளகாய்த்தூளை அப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் இந்தச் சந்தேகத்தைச் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி அந்த நிமிஷமே முள்ளிப்பட்டுக்கு நடந்திருப்பாள். நாய் கடித்தது என்று மட்டும் சொன்னேன். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்த நாயின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். பிறகு என் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் வெந்நீரில் புண்ணைக் கழுவி, காரக்குச்சி என்கிற மருந்துக் குச்சியை வைத்துச் சுட்டார். மிளகாய்த்தூள் எவ்வளவோ மேல் என்று அப்போது தெரிந்தது. "நாயைக் கட்டிப் போட்டுப் பாருங்க. பத்துப் பதினஞ்சு நாள் அது நல்லா இருந்தா போதும், பயமில்ல," என்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் தெருக்கோடி நாட்டு வைத்தியரிடமும் காட்டினேன். அவர் ஒரு பச்சிலை உருண்டையைக் கொடுத்து, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, கோழி ஆகவே ஆகாது என்று பத்தியம் சொன்னார். "கடிச்ச நாயை ஒரு மண்டலம் தெனம் உன் கண்ணால பாத்துட்டு வரணும். அது துன்னுதா, தண்ணி குடிக்குதான்னு பாக்கணும். ஒரு நாளும் தப்பக் கூடாது," என்றார்.

டிரெஸ்ஸர் பத்துப் பதினைந்து நாள் என்கிறார், வைத்தியர் ஒரு மண்டலம் என்கிறார். அதுவரை அந்த வைத்தியரை நான் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அன்றைக்குத் திடீரென்று அவர்மேல் பக்தி வந்துவிட்டது. நாற்பத்தெட்டு நாள் முள்ளிப்பட்டுக்குப் போகலாம், யாரும் ஏனென்று கேட்க முடியாது. நாற்பத்தெட்டு நாளில் அந்த வீட்டில் ஓங்குகிற கை யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். நாய்க்கடியில் நான் சாக வேண்டும் என்றே விதித்திருந்தாலும் அதைத் தெரிந்துகொண்டு சாகலாம் என்று முடிவு கட்டினேன்.

வைத்தியர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். முறத்தில் இருந்த அரிசியைக் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"அந்த நாயி என்னைக் கடிச்சிருக்கக் கூடாதா?"

எனக்கு வழக்கம் போலக் கோபம் வந்தது. எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்தேன். மிதியை அழுத்தக் கால் ஒத்துழைக்கவில்லை. சும்மாவே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து காலையில் முள்ளிப்பட்டு, பகலில் தறி என்று ஆயிற்று. புறப்படும் முன் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் வைப்பாள். நான் அதைக் குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீரைக் கண்டு எனக்குப் பயம் வரவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு ஒரு மூட்டையைக் கையில் கொடுப்பாள். "நாய்க்கு," என்பாள். நாய் நன்றாக இருந்தால்தானே புருஷன் நன்றாக இருப்பான், அதனால் நாய்க்குத் தீனி. ஒரு நாள் எள்ளடை. ஒரு நாள் இனிப்புப் பணியாரம். ஒரு நாள் வேர்க்கடலை உருண்டை. என் மகளுக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் அந்த நாய்க்குப் பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ! தினமும் பெண்ணுக்குப் பலகாரம் அனுப்பினால், எங்கள் வீட்டில் நாங்கள் போடுவதில்லையா என்று சம்பந்தி வீட்டாருக்குச் சுருக்கென்று இருக்கும். நாய்க்கு அனுப்பினால் யார் என்ன சொல்ல முடியும்?

சம்பந்தியம்மாள் முதல் நாள் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஏன் அண்ணா, உங்க ஊர்ல நாயிங்க எள்ளடையா துன்னுது?"

"வைத்தியர் சொன்னாருங்க," என்றேன்.

"ஓகோ. அப்ப சரி," என்று மூட்டையை அப்படியே என் மகள் கையில் கொடுத்தார். "இந்தாடி, நாயிக்காம். போட்டுட்டு வா." என் மகள் கொல்லைக்குப் போய்த் திரும்பி வந்தபோது உதட்டோரத்தில் ஒரு எள் ஒட்டிக்கொண்டிருந்தது. நாயும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு வந்ததால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வீட்டுக்குள் போக மாட்டேன். எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். தண்ணீர்கூட என் சொம்பில் கொண்டு போனதுதான். முதல் மூன்று நாள் நெசவாளர் தெருவே வந்து என் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. நாலாம் நாளிலிருந்து, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்வாங்க, நம்ம ஆரணிக்காரருக்கு மட்டும் ரெண்டும் முடியல," என்று கேலி ஆரம்பமாயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பதும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தத் தெருவில் காலை வேளையில் பாவு நீட்டுவார்கள். ஒரு புடவைக்கு வேண்டிய நீள நூல் முழுவதையும் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிய வேண்டும். அதற்கு எத்தனை கை இருந்தாலும் காணாது. நானும் எழுந்து போய் ஒரு பக்கம் நின்றேன். விருந்தாளி என்கிற பேர் போய், வேலைக்காரன் என்கிற பேர் வந்தது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

கை இழையை முடிந்துகொண்டிருக்கும், கண் அந்த வீட்டு வாசலில் இருக்கும். நாய் என் மகளைவிட்டு நகராது. அவள் தண்ணீருக்குப் போனால் கூடப் போகும், தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்தால் ராட்டினத்தின் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். நான் கிட்டே போனால் தலையைத் தூக்கும். உறுமாது, ஆனால் தலையைக் கீழே வைக்கவும் வைக்காது. நான் மகளிடம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டேன், தாலுகா கச்சேரியில் தாசில்தார் முன்னால் நிற்பவன் மாதிரி. பெற்ற பெண்ணைத் தொட நாயிடம் உத்தரவு வாங்க வேண்டிய காலம் வந்ததே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மாளின் சத்தம் மட்டும் ஓயாது. ஒரு நாள் உள்ளே, "உன்ன வெட்டிக் கொழம்பு வெக்கலன்னா பாரு!" என்று கேட்டது. நான் நூலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஒரு கோழி என் காலுக்கிடையில் பறந்து வெளியே போயிற்று. பின்னாலேயே அந்த அம்மாள், பிறகு சிரித்துக்கொண்டே என் மகள். "இன்னா அண்ணா?" என்றார். "ஒண்ணுமில்ல, நாயி எங்க கீதுன்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை கடைசியில் ஒரு நாள் மகள் முழங்கைக்கு மேலே ஒரு நீலத் தழும்பைப் பார்த்தேன். நாலு விரல் அகலம் இருக்கும். 

"அது இன்னாடி?"

"தறிக் கட்டை பட்டுச்சு நைனா. குனிஞ்சி எழுந்திருக்கறப்ப இடிச்சிகினேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்." அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். எத்தனை பெண்கள் எத்தனை தகப்பன்மாரிடம் தறிக் கட்டை பட்டது என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை நின்றேன், திரும்பிப் போய்க் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று. கண்ணால் பார்க்காமல் ஒரு வீட்டின் மேல் பழி போடக் கூடாது என்று என்னை நானே இழுத்துக்கொண்டு வந்தேன். தூக்கமில்லை. மனைவி அதை நாய்க்கடியின் வேகம் என்று நினைத்து, காலையில் இரண்டு சொம்புத் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

மாசி பிறந்தது. ஒரு காலையில் சம்பந்தி வீட்டுப் பாவு ஒன்றையே தெருவில் நீட்டியிருந்தார்கள். கல்யாணப் புடவைக்கான பாவு, அரக்குச் சிவப்பு. முளையை மாற்றி அடிக்க வேண்டியிருந்ததால், அதுவரைக்கும் பாவு கட்டிய கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி என் மகளிடம் கொடுத்திருந்தார்கள். நான் மறுகோடியில் இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கயிறு கையைவிட்டு நழுவியது.

இழுத்துக் கட்டிய பாவு விட்டால் எப்படி இருக்கும் என்று நெசவாளிக்குத்தான் தெரியும். அத்தனை இழையும் துவண்டு மண்ணில் விழுந்து ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டது. இரண்டு நாள் வேலை நாசம். தெரு முழுவதும், "அய்யய்யோ!" என்றது. சம்பந்தியம்மாள் அந்தக் கோடியிலிருந்து புறப்பட்டார். கண்ணில் நெருப்பு. நடக்கும்போதே கை மேலே போயிற்று.

நான் நூலைத் தாண்டி ஓடினேன். புண்பட்ட காலோடு எப்படி ஓடினேனோ தெரியாது. வரிசை, சம்பந்தம், ஊர்ப் பேச்சு எல்லாம் போகட்டும், இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டேன், இனி ஒரு நாழிகைகூட என் மகள் இங்கே இருக்க வேண்டாம் என்பது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கை இறங்கிவிட்டது.

உச்சந்தலையில், விரலை மடக்கி, ஒரு குட்டு.

"கயித்தைப் புடிச்சிகினு எங்கடி பாத்துகினு இருக்கிறே? உங்க நைனாவை யாராச்சும் தூக்கிகினு போயிடுவாங்களா?"

என் மகள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். பயத்தில் குறுக்கிக்கொள்கிற தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதுவல்ல. கண்ணில் நீரோடு, "தெரியாம உட்டுட்டேன் அத்தை," என்று அவள் அந்த அம்மாளின் புடவைத் தலைப்பையே பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாளும், "சிரிப்பு வேற! வா, உக்காந்து சிக்கு எடு. உன்னோட எனக்குப் பேஜார்," என்று அவள் கன்னத்தைத் தன் கஞ்சிக் கையாலேயே துடைத்துவிட்டார்.

நான் நாயைப் பார்த்தேன். அது அவர்கள் இருவர் காலடியிலும் படுத்திருந்தது. கை ஓங்கியபோதும் இருந்தது, குட்டு விழுந்தபோதும் இருந்தது. வாலை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நான் கிட்டே வந்ததும் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கியது.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்த நாய்க்கு ஓங்கிய கையைப் பற்றி யாரும் எதுவும் கற்றுக் கொடுக்கவில்லை. மகள் கையில் இருந்ததும் தறிக் கட்டை பட்ட தழும்புதான். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவள் தன் வீட்டுப் பெண், நான் வெளியாள். வெளியாள் ஒருவன் வண்டியில் வந்து இறங்கி வீட்டுப் பெண் மேல் கையைத் தூக்கினால் எந்த நல்ல நாயும் செய்வதைத்தான் அது செய்தது. இத்தனை நாள் மார்பில் கிடந்த கல் இறங்கியது. இறங்கின இடத்தில் வலித்தது. ஐந்தாறு மாதத்தில் என் மகளுக்கு ஒரு வீடு ஆகிவிட்டது, அந்த வீட்டுக்கு நான் அந்நியன். சந்தோஷப்பட்டேன். அழுதும்விட்டேன். இந்த ஒரு தடவை கோபம் வரவில்லை.

சம்பந்தியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, முண்டாசு அவிழ, கையை முஷ்டியாகப் பிடித்துக்கொண்டு நான் ஓடி வந்து நின்ற கோலத்தை அவர் ஒன்றும் கண்டுகொள்ளாமல் இல்லை.

"அடிக்கிறேன்னு நெனச்சீங்களா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இத்தினி நாளா நாயப் பாக்க வரலையா நீங்க?"

"தப்பா நெனச்சிட்டேம்மா. மன்னிச்சிக்குங்க."

அவர் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். கோபித்துக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் கீழே குனிந்து சிக்கின் ஒரு முனையை எடுத்து, இழையைப் பிரித்துக்கொண்டே பேசினார். "நானும் ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்துட்டு இப்படித்தான் தூக்கமில்லாம கெடந்தேன். தெனம் போய்ப் பாத்துட்டு வர ஒரு நாயும் என்னைக் கடிக்கல." பிறகு நிமிர்ந்து, "நாளைக்கி எங்க அண்ணியை இட்டுகினு வாங்க. நான் கூப்ட்டேன்னு சொல்லுங்க. இத்தினி நாளா நாயிக்குன்னு பலகாரம் சுட்டுச் சுட்டு அவங்க கை ஓஞ்சிருக்கும்," என்றார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகத்தையும், தழும்பையும், குட்டையும், நாய் கண்ணை மூடிக்கொண்டதையும். முழுவதையும் கேட்டுவிட்டு, இத்தனை நாள் சொல்லாமல் மறைத்ததற்காக ஒரு பாட்டம் திட்டினாள். "நாய்க்கு வேலையுமில்ல நிக்க நேரமுமில்லன்னு நெனச்சிகினு இருந்தேன், இதுக்குத்தானா இந்த ஓட்டம்?" என்றாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அது என்னையும் வெளியாளுன்னுதானே நெனைக்கும்?" என்று கேட்டாள். 

மறுநாள் காலையில் இருவரும் நடந்தோம். அவள் வேகத்துக்கு என் காலால் ஈடுகொடுக்க முடியவில்லை. முள்ளிப்பட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் தூரத்திலிருந்தே என் மகள் பார்த்துவிட்டாள். "அம்மா!" என்று ஓடி வந்தாள். பின்னாலேயே நாயும் ஓடி வந்தது. என் மனைவி இரண்டு கையையும் நீட்டியவள், பாதியில் அப்படியே மடக்கிக்கொண்டாள்.

மகளைத் தாண்டிப் போய்த் தெருப் புழுதியில் நாய் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் திறந்து மெல்ல அதன் மூக்குக்கு நேரே நீட்டினாள். தெருவே பார்த்தது. சம்பந்தியம்மாள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். நாய் முதலில் உள்ளங்கையை முகர்ந்தது, பிறகு விரல் விரலாக, பிறகு மணிக்கட்டை. அவள் அசையவில்லை. "பாத்துக்கடா ராஜா, நான் இவளைப் பெத்தவ," என்றாள். அது நிதானமாக முகர்ந்து முடித்து, அவள் கையில் ஒரு முறை நக்கிவிட்டு ஒதுங்கி நின்றது.

அதற்குப் பிறகுதான் எழுந்து என் மகளைக் கட்டிக்கொண்டாள்.